மாமனாரை எலுமிச்சம்பழம் வாங்க அனுப்பிய கதை

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தென்காசி ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு புது விதி வந்திருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு துணையாள்தான். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அவர் மட்டும் உள்ளே வரலாம், மற்ற சொந்தபந்தம் எல்லாம் வாசல் புங்கமரத்தடியோடு சரி. அவ்வப்போது அங்கே போய் இளம் டாக்டர்களோடு டீ குடித்து வம்பளப்பது என் வழக்கம். போன தடவை அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்: "இனிமே கூட்டத் தொல்லை இல்ல மேடம். நோயாளிகிட்ட நிம்மதியா விவரம் கேக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொல்லை கூட்டத்தில் இல்லை, அந்த ஒரு துணையாளிடம்தான் இருக்கிறது என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற சீனியர் நர்ஸ், "எலுமிச்சம்பழ கேஸைச் சொல்லுங்க மேடம்" என்று எடுத்துக் கொடுத்தாள். சொன்னேன். எழுதியும் கொடுங்கள் என்றார்கள். பெயரையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்துத் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் படித்தேன், பாதித் தூக்கத்தில் பாஸானேன். அங்கே எங்கள் மண்டையில் ஏற்றிய பாடங்களில் அழுத்தமாக உட்கார்ந்தது ஒன்று: நம் ஊரில் ஒருவருக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தால் முதலில் டி.பி.யை நினை, வேறு எதுவும் தோன்றாவிட்டாலும் டி.பி.யை நினை. இது பல தடவை சரியாகவே இருந்தது. அதனாலேயே நாங்கள் எல்லோரும் கொஞ்சம் சோம்பேறி ஆகிவிட்டோம்.

அந்தச் சோம்பலுக்குப் பரம விரோதி எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் குற்றாலிங்கம். எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டர். காதோரத்தில்கூட மிச்சம் வைக்காத சுத்தமான வழுக்கை. வார்டுக்குள் வந்தால் கட்டிலின் கால்மாட்டில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நோயாளியைத் தொடமாட்டார். கொஞ்ச நேரம் அவரைப் பார்ப்பார், அதைவிட அதிக நேரம் சுற்றி நிற்கிற உறவுகளைப் பார்ப்பார். யார் கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று கவனிப்பார். பிறகு அதில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து ஒரு வேலை ஏவுவார். தட்டவும் முடியாது, சீக்கிரம் முடிக்கவும் முடியாது, அப்படிப்பட்ட வேலையாக இருக்கும்.

ஒரு தடவை படபடப்பு என்று ஒரு மருமகள் வந்திருந்தாள். என்ன கேட்டாலும் மாமியார்தான் பதில் சொன்னார். பெரிய டாக்டர் அந்த மாமியாரைப் பழைய குற்றாலத்துக்கு அனுப்பி, செம்புத் தோண்டியில் அருவித் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். அவர் தலை மறைந்ததும் அந்தப் பெண், வீட்டில் மிச்சம் மீதிதான் சாப்பாடு என்றும், பசியைக் கடுங்காப்பி குடித்தே ஓட்டுவதாகவும் சொல்லி அழுதாள். தண்ணீர் வந்து சேர்ந்தபோது நோயும் தெரிந்திருந்தது, வைத்தியமும் தெரிந்திருந்தது. பெரிய டாக்டர் அந்தத் தண்ணீரை வாங்கி, மருமகள் நேர நேரத்துக்குச் சாப்பிட்ட பிறகு மாமியார் கையாலேயே ஒரு டம்ளர் கொடுக்க வேண்டும் என்று பத்தியம் போட்டு அனுப்பினார்.

இனி எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன்.

போன சாரலுக்கு முந்தின சாரல். குற்றாலத்தில் சீசன் கூட்டம். மெயினருவியில் பந்தோபஸ்துக்கு வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் ஒருவரை, நாலு போலீஸ்காரர்கள் தூக்காத குறையாகக் கொண்டுவந்தார்கள். பெயர் செந்தூர்பாண்டி, சொந்த ஊர் வாசுதேவநல்லூர். முப்பது வயதைத் தாண்டிய வாட்டசாட்டமான ஆள். அருவியில் வெள்ளம் கூடுகிறது என்று விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாராம். கால் வீங்கியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. ஸ்டெத்தை வைத்தால் இதயத் துடிப்பு பக்கத்து வீட்டில் கேட்பது போல் மங்கலாகக் கேட்டது. எக்கோ பார்த்தோம். இதயத்துக்கும் அதன் உறைக்கும் நடுவில் அத்தனை நீர். அந்த நீருக்குள் இதயம் விரிய இடமில்லாமல் தத்தளித்தது.

பிரஷர் இறங்கிக்கொண்டே போனதால் யோசிக்க நேரமில்லை. தலைமாட்டை உயர்த்தி வைத்து, நடுநெஞ்செலும்பின் கீழ்முனையில் மரத்துப்போக ஊசி போட்டேன். பெரிய டாக்டர் எக்கோ கருவியைப் பிடித்து வழி காட்டினார். நான் நீண்ட ஊசியை இடது தோளைப் பார்த்து, சிரிஞ்சை இழுத்துப் பிடித்தபடியே, நூல் நூலாக உள்ளே செலுத்தினேன். கொஞ்சம் அதிகம் போனால் இதயத்திலேயே குத்திவிடும். பெரிய டாக்டர் பேஷண்டிடம் சாவகாசமாகக் கதை பேசிக்கொண்டிருந்தார்.

"ஐந்தருவியில தண்ணி எப்படி வே?"

"அஞ்சிலயும்... விழுது... சார்."

"இங்கனயும் விழுது, பாரும்" என்றார். சிரிஞ்சில் இளமஞ்சளாக நீர் ஏறியது. மெல்லிய டியூப் ஒன்றை உள்ளே விட்டு வெளியே பையில் இணைத்தோம். நீர் இறங்க இறங்க மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து அந்த எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி: "என் தொப்பி எங்க?"

தொப்பியைக் கட்டிலுக்குப் பக்கத்து லாக்கர் மேல் வைத்திருந்தோம். டிபார்ட்மெண்ட் சொத்து, யாரும் தொடக்கூடாது என்றார். போலீஸ்காரர் கடமை உணர்ச்சி என்று நினைத்து நான் மெய்சிலிர்த்துப் போனேன்.

உயிர் தப்பியது. நீர் ஏன் கோத்தது என்பதுதான் தெரியவில்லை. டூட்டி டாக்டர் சின்னப் பையன், நான் படித்த அதே பாடத்தைப் படித்தவன். "டி.பி.யாத்தான் இருக்கும் மேடம், மருந்தை ஆரம்பிச்சிரலாம்" என்றான். அதை அவன் சொன்ன இடம் வார்டு வாசல். அங்கே நின்றது மாப்பிள்ளையின் வருங்கால மாமனார்.

ஆமாம், எஸ்.ஐ.க்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஆவணியில் கல்யாணம். மாமனார் சுப்பையா செங்கோட்டைக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். விறைப்பான முதுகு, முறுக்கிய நரைமீசை, தலை நிறையக் கருகருவென்று முடி. வருங்கால மருமகன் கட்டிலை விட்டு அங்கே இங்கே நகரவில்லை. இன்னொரு பக்கம் எஸ்.ஐ.யின் அம்மா பேச்சியம்மாள். எது கேட்டாலும் இவர்கள் இரண்டு பேரும்தான் பதில்.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா?" என்று எஸ்.ஐ.யிடம் கேட்டேன்.

"எம்புள்ள தலவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டான்" என்றார் அம்மா.

"நம்ம மருமகன் சுத்தமான ஆளு டாக்டரம்மா" என்றார் மாமனார். "அந்தத் தலைமுடியைப் பாருங்க. உடம்புல சத்து இல்லாமயா இப்படி வளருது?"

"அது நான் காய்ச்சுத எண்ணெய்ல்லா!" என்று அம்மா குறுக்கே பாய்ந்தார். முன்பு மகனுக்கு நெற்றி ஏறிக்கொண்டே போனதாம். முதலில் பார்த்த பெண் வீட்டார் அதைச் சொல்லியே தட்டிக் கழித்தார்களாம். பிறகு இவர் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டு எண்ணெய் காய்ச்சித் தேய்த்ததில் காடு மாதிரி வளர்ந்துவிட்டதாம். தெருவே இப்போது அந்த எண்ணெய்க்குத்தான் வரிசையில் நிற்கிறதாம்.

மாமனார் தலையாட்டி ரசித்தார். "நிச்சயம் முடிஞ்சு ரெண்டு குடும்பமும் ஐந்தருவிக்குப் போனோம். மருமகன் குளிச்சிட்டு வந்து தலை துவட்டுன அழகைப் பார்க்கணுமே!"

"நீங்க குளிக்கலையா?" என்றேன்.

"எனக்கு சைனஸ். நான் பை பார்த்துக்கிட்டேன்."

அப்படிப்பட்டவர் டி.பி. என்ற சொல்லைக் கேட்ட பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். "மறைக்காம சொல்லுங்க டாக்டரம்மா. நான் பொண்ணைப் பெத்தவன். அந்தச் சீக்குதான்னா கல்யாணத்தை நிறுத்திருவேன். எனக்கு வேற வழி இல்ல." டி.பி. குணமாகிற வியாதிதான், கல்யாணத்துக்குத் தடையே இல்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. உள்ளே கட்டிலில் எஸ்.ஐ. எங்கள் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்தும்போது கலங்காத மனுஷன் அப்போது முகம் வெளுத்துக் கிடந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

எடுத்த நீரைச் சோதித்தோம். டி.பி.க்கு அடையாளம் இல்லை, புற்று இல்லை. தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் ஒழுங்கு. ஆனால் பையில் நீர் சேர்வது மட்டும் நிற்கவில்லை. எங்கிருந்தோ ஊறிக்கொண்டே இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. நெஞ்சில் டியூப் தொங்க, எஸ்.ஐ. தினமும் ரேசர் கேட்டார். போலீஸ்காரர் சவரம் செய்யாமல் இருக்க மாட்டார் என்று நர்ஸுகள் சிரித்தார்கள், ஆனால் யாரும் ரேசர் கொடுக்கவில்லை. அன்று காலையில் நான் சும்மா ஒரு விளையாட்டுக்குப் பெரிய டாக்டர் மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நின்று பார்த்தேன். தாடி வளர்ந்திருந்தது, சரி. அது கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பு வரை ஏறியிருந்தது. நெற்றியில் புருவத்துக்கு மேலே பூனைமுடி. காது மடலில் முடி. விரல் கணுக்களில் முடி. இந்த மனுஷன் தாடியை மட்டும் அல்ல, நெற்றியையும் சேர்த்தல்லவா தினமும் மழித்திருக்கிறார்!

ஓடிப்போய்ப் பெரிய டாக்டரிடம், "சார், அந்த முடி சரியில்லை" என்றேன்.

"எனக்கும் முதல் நாள்ல இருந்து அதுல ஒரு கண்ணு" என்றார். "என் பொறாமையா இருக்கும்னு நினைச்சு பேசாம இருந்துட்டேன். வா."

வார்டில் எஸ்.ஐ.யின் தனி அறைக்குள் போய் நேரே மாமனாரிடம் நின்றார். "சுபேதார் சார், ஒரு முக்கியமான காரியம். புளியங்குடிக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கணும்."

"இங்கனயே மார்க்கெட்ல இருக்கே ஐயா?"

"அது ஆகாது. புளியங்குடியில கமிஷன் கடையில நீங்களே நின்னு, தோல் மெலிசா, பொட்டு இல்லாத பழமா ஒவ்வொண்ணா பார்த்து எடுக்கணும். வேற ஆளை நம்பி விட முடியாது. மருமகன் உயிர் விஷயம்."

பட்டாளத்துக்காரருக்கு உத்தரவு போதும், நிமிர்ந்துவிட்டார். பிறகு பெரிய டாக்டர் பேச்சியம்மாளிடம் திரும்பி, தன் தலையைத் தடவிக் காட்டினார். "ஆத்தா, அந்த எண்ணெயில எனக்கு ஒரு பாட்டில் கிடைக்குமா?" பேச்சியம்மாளுக்கு வாயெல்லாம் பல். புளியங்குடியும் வாசுதேவநல்லூரும் ஒரே சாலை, ஒரே பஸ். இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

வெளியே பூத்தூறலாகச் சாரல். மாமனார் போர்ட்டிகோவை விட்டு ஓர் அடி வைப்பதற்கு முன்பே குடையை விரித்துத் தலையை ஒட்டிப் பிடித்துக்கொண்டார். நம் ஊரில் சாரலுக்குக் குடை பிடிக்கிற ஆம்பிளையை நான் அதிகம் பார்த்ததில்லை, அதுவும் பட்டாளத்து ஆள். பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அறையில் இப்போது நாங்கள் மூன்று பேர். பெரிய டாக்டர் லாக்கர் மேலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தார்.

"சார், அதைத் தொடாதீங்க!" என்று எஸ்.ஐ. எழப் பார்த்தார்.

"எனக்கு எஸ்.ஐ. களை இருக்காம்மா?" என்று என்னைக் கேட்டவர், சட்டென்று "ஆ!" என்றார். உச்சந்தலையில் எதுவோ குத்தியிருக்கிறது. தொப்பியைக் கழற்றி உள்துணிக்குள் விரலை விட்டார். பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று வெளியே வந்தது. "முடி உள்ளவன் போட்டிருந்தா இது தட்டுப்பட்டிருக்காது" என்றார் பெருமையாக.

எஸ்.ஐ. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"என்னது வே இது?"

"வைட்டமின் சார்."

"தொப்பிக்கா வைட்டமின் குடுக்கீரு?"

நான் அட்டையை வாங்கிப் படித்தேன். மினாக்ஸிடில். எதற்கும் அடங்காத இரத்தக் கொதிப்புக்காக வந்த மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துப் பிறகு வழுக்கைக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். சின்ன அளவில், டாக்டர் கண்காணிப்பில் பலருக்குத் தொந்தரவு தருவதில்லை. சிலருக்கு உடம்பில் உப்பும் நீரும் தங்கும். மிக அபூர்வமாக இதய உறையிலும் நீர் கோக்கும். நான் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த சங்கதி, என் முன்னால் தாடியோடு உட்கார்ந்திருந்தது.

"எத்தனை பேரை விசாரிச்சிருப்பீரு. விஷயத்தைக் கக்கும்" என்றார் பெரிய டாக்டர்.

கக்கினார். தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது பாதி மாத்திரை. முடி முளைத்ததும் ஆசை வந்து ஒன்றாக்கினார். "முகூர்த்தம் நெருங்குதுல்லா சார். அதான் ரெண்டு ரெண்டா போட்டுக்கிட்டேன்."

"இங்க வந்த பிறகும்?" என்றேன்.

"நேத்துகூட மேடம்."

நாங்கள் ஒரு பக்கம் நீரை வடிக்க, இவர் மறுபக்கம் தொப்பியிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தொப்பியாலேயே ஒன்று போடலாம் போலிருந்தது.

"இதை இனி வாழ்நாள்ல தொடக்கூடாது" என்றார் பெரிய டாக்டர்.

"கல்யாணம் முடிஞ்சு மறுபடி..."

"கல்யாணம் முடிஞ்சு கருமாதியா?"

எஸ்.ஐ. அழுதுவிட்டார். முடி இல்லாவிட்டால் இந்த சம்பந்தமும் போய்விடும் என்றார். ஒரு தடவை பட்ட அவமானம் போதும், இன்னொரு வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்க முடியாது என்றார். கோபத்தில் இருந்த எனக்கு அதைக் கேட்டதும் மனசு சுருக்கென்றது. முகூர்த்தம் வரை முடி நிற்கும், அதற்குப் பிறகுதான் கொட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் "அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றுதான் சொன்னேன்.

சொல்லி வாய் மூடவில்லை, கதவைத் தட்டிக்கொண்டு அந்தப் பெண்ணே வந்தாள். செல்வி, செங்கோட்டையில் டீச்சர். "இங்கன ஆள் இல்லன்னு அப்பா போன் பண்ணாங்க" என்று பிளாஸ்கை வைத்தாள். நாங்கள் வெளியேறப் பார்த்தோம். எஸ்.ஐ. எங்களை நிறுத்தினார். "இருங்க சார். வாக்குமூலத்துக்கு சாட்சி வேணும்."

எல்லாவற்றையும் சொன்னார், தொப்பி உட்பட. அவள் முதலில் கேட்டது ஒன்றுதான். "அப்போ டி.பி. இல்லையா? உயிருக்கு ஒண்ணுமில்லையா?" இல்லை என்று நான் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. "ஒரு முடிக்காகச் சாகப் பார்த்தீங்களா?"

"உங்கப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் என் முடியைத்தான் பார்க்காரு. அந்த வயசுலயும் அவருக்கு அப்பேர்ப்பட்ட முடி. அவர் முன்னாடி நான் எப்படி..."

செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பா ஏன் அருவியில குளிக்க மாட்டாருன்னு நினைக்கீங்க?"

"சைனஸ்னு சொன்னாரே?"

"சைனஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. விக்! அருவி அடிச்சா அது எங்கன போய் விழும்னு யாருக்குத் தெரியும்? எனக்கும் அம்மாவுக்கும் எப்பவோ தெரியும். எங்களுக்குத் தெரியும்னு அவருக்குத்தான் தெரியாது."

நான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "மீசை நரைச்சு, கிருதா நரைச்சு, உச்சி மட்டும் கருப்பா இருக்கும்போதே தெரியும். ஒரே அறையில ரெண்டு முடி ரகசியம் இருந்தா எந்தக் கேஸ் துலங்கும்? அதான் புளியங்குடிக்கு அனுப்பினேன்."

பேச்சியம்மாள் எண்ணெய் காய்ச்ச ஊரிலேயே நின்றுவிட, மாமனார் மட்டும் திரும்பியபோது முதுகில் ஒரு சாக்கு. அத்தனையும் பொட்டில்லாத பழம். குடையை மடக்கிவிட்டு, "போதுமா ஐயா?" என்றார். நாங்கள் நான்கு பேரும் அவர் தலையைப் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரிய டாக்டர் ஒரு பழத்தை எடுத்து முகர்ந்தார். "அருமை. டி.பி. இல்லை சுபேதார் சார். ஒரு மாத்திரை ஒத்துக்கலை, நிறுத்தியாச்சு. கல்யாணத்தை நடத்துங்க." என்ன மாத்திரை என்று மாமனார் கேட்டார். "அதை மருமகனே ஒரு நாள் சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு, நர்ஸுகள் எல்லோருக்கும் ஜூஸ் போடச் சொல்லிப் போய்விட்டார்.

மாத்திரை நின்றதும் பையில் நீரும் நின்றது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த எக்கோவில் சுவடே இல்லை. ஆவணியில் கல்யாணம் ஜோராக நடந்தது. பிறகு நாங்கள் எதிர்பார்த்தபடியே முடி கொட்டியது. டாக்டர்கள் எண்ணெய் தேய்க்க விடாததால்தான் என்று பேச்சியம்மாள் தெரு முழுக்கச் சொல்லி வருவதாகக் கேள்வி.

போன சாரலில் மெயினருவிக்குப் போயிருந்தேன். ஆண்கள் குளிக்கும் பக்கம் அந்தக் குடும்பம் நின்றது. எஸ்.ஐ. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கை நிறையப் பைகளோடு ஓரமாக ஒதுங்கியிருந்தார். பந்தோபஸ்து போலீஸ்காரர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள். "எனக்கு ஜலதோஷம். நீங்க போங்க, நான் பை பார்த்துக்கிடுதேன்" என்று மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமனார் மருமகனின் முகத்தையே பார்த்தபடி நின்றார். அந்த ஜலதோஷத்தை அவரைவிட யாருக்குத் தெரியும்? பிறகு, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், இரண்டு கையாலும் தன் முடியைக் கழற்றி மஞ்சள் பைக்குள் வைத்தார். எஸ்.ஐ. மெதுவாகத் துண்டை அவிழ்த்தார்.

மாமனார் சுற்றிலும் பார்த்தார். என் மேல் கண் விழுந்தது. விறைப்பாக நடந்து வந்து அந்த மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார்.

"டாக்டரம்மா, இதைக் கொஞ்சம் பார்த்துக்கிடுங்க. எனக்கு முப்பது வருஷத்துக் குளிப்பு பாக்கி இருக்கு."